விலங்கியல் முடித்த பிறகு: வந்தாறுமூலையிலிருந்து பேராதனைக்கு

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டம் முடித்தவர்களில் பலர் ஆசிரியர் நியமனமோ அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனமோ வரும்வரை காத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிப் பக்கம் போக என்ன வழி என்று தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் போன வழியைச் சொல்கிறேன்.

இறுதியாண்டு ஆய்வுக்கு வாவிக்கரைக் கிணறுகளில் நுளம்புக் குடம்பிகளைச் சேகரித்தேன். பட்டம் முடிந்ததும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. திட்டத்தின் நிதி முடிந்ததோடு வேலையும் முடிந்தது. "அரசாங்க வேலைக்குப் போட்டு வை மகள்" என்றார் அம்மா. மலேரியாதான் ஒழிந்துவிட்டதே, இனி நுளம்பு படித்தவளுக்கு என்ன வேலை என்பது அவருடைய கவலை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு அந்தச் சான்றிதழைக் கொடுத்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி மன்னாரில் பிடிபட்டது. அதுவும் கிணறுகளில் பெருகும் இனம். நோய் போன பிறகும் நுளம்பைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

அப்போது கைகொடுத்தவர் எங்கள் துறையில் படித்த சீனியர் அக்கா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எம்.பில். ஆய்வுப் பட்டம் செய்துகொண்டிருந்தார். அவர் எனக்காக யாரிடமும் சிபாரிசுக்குப் போகவில்லை. என் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக இருக்கக் கேட்டு அங்குள்ள பேராசிரியர் ஒருவருக்கு நான் எழுதிய மின்னஞ்சல் வரைவை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆர்வம் இருக்கு என்று எல்லாரும்தான் எழுதுவாங்க. நீ கையால என்ன செய்தாய்? அதை முதல்ல போடு" என்றார்.

அப்படியே எழுதினேன். 350 மில்லிலீற்றர் டிப்பரால் (குடம்பி அள்ளும் அகப்பை) எப்படி அள்ளினேன், உவர்த்தன்மையை எப்படி அளந்தேன், டிப்பருக்குள்ளேயே எப்படிப் பிரித்தேன் என்று. குடம்பி நீர்ப்பரப்போடு கிடையாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ். சுவாசக் குழாயை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் ஈடிஸ் அல்லது கியூலெக்ஸ். மீதியை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பதில் கடிதத்தில் பேராசிரியர் கேட்டதெல்லாம் இதைப் பற்றித்தான். பெறுபேற்றுப் புள்ளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவு, பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வழக்கம்போல நடந்தன.

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி எங்கள் செங்கலடியில் வந்துதான் முடிகிறது. அந்த வீதியால் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் பட்ச் பிள்ளைகளைத் தேடிப் போவேன். ஒருத்தி கல்முனையில் ஆசிரியை, ஒருவர் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில், இன்னொருவர் இறால் பண்ணையில். முன்பின் தெரியாத ஒருத்தியைக் கிணற்றில் டிப்பர் விட யார் அனுமதிப்பார்கள்? கல்முனைத் தோழி தன் மாணவர்களின் வீடு வீடாக என்னைக் கூட்டிப்போனாள். அவளுடைய உயர்தர வகுப்புக்கு ஒவ்வொரு வருடமும் குடம்பிகளை அற்ககோலில் போட்டு, பெயர் எழுதி அனுப்புகிறேன். இறால் பண்ணை நண்பர் குளத்து நீரின் உவர்த்தன்மை அளவுகளைத் தருகிறார். நான் அவருக்குப் புதிய ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக் கொடுக்கிறேன். வேலை கேட்கும் நாளில் மட்டும் பேசியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திராது.

இறுதியாண்டில் இருப்பவர்கள் களக் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மேற்பார்வையாளருக்கு எழுதும்போது தேவைப்படுவது அதுதான். வரைவை எனக்கு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.