நீலச் சாயமும் லூபெக் கடிதமும்

"நீ சொன்னதில் பிழையில்லை, ஆனால் வந்தவருடைய ஆசையில் ஏன் மண்ணைப் போட்டாய்?" என்று எங்கள் பேருந்து ஓட்டுநர் கேட்டதற்கு என்னிடம் இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

நான் ஸ்காட்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி. ஸ்டர்லிங் நகரில், இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்ட ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் நினைவுக் கோபுரத்தின் அடியில், கன்னங்களில் நீலச் சாயம் பூசி வந்திருந்த பயணி ஒருவர், வாலஸ் எந்த இடத்தில் நின்று சாயம் பூசிக்கொண்டார் என்று என்னிடம் கேட்டிருந்தார். சாயம் பூசிய பிரித்தானியர் ஜூலியஸ் சீசரின் குறிப்பில் வருபவர்கள், வாலஸுக்கு 1,300 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்கள் என்றேன். வாலஸை நீலச் சாயம் பூசியவராகக் காட்டும் 'பிரேவ்ஹார்ட்' படத்தில் வரும் கில்ட் என்ற ஆண்களின் மடிப்புப் பாவாடை 16ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது என்றும், 1297 செப்டம்பர் 11 அன்று ஸ்டர்லிங் போரில் ஆங்கிலேயருக்கு எதிராக வாலஸுக்கு வெற்றியைத் தேடித்தந்த குறுகிய மரப்பாலம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை என்றும் சொன்னேன். அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு, கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைத் துடைக்கத் தொடங்கினார். சாயம் போகாமல் காதுவரை இழுபட்டது.

கேட்ட கேள்விக்கு விடை சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். தவிர, உடைப் பிழைகள் என்னை அவ்வளவாக உறுத்துவதில்லை. சடைமுடியும் கூச்சலும் கோபமுமே ஸ்காட்லாந்து வீரன் என்று படத்துக்குப் படம் காட்டுவதுதான் உறுத்துகிறது. போர் முடிந்து சரியாக ஒரு மாதத்தில் வாலஸும் அவருடன் படை நடத்திய ஆண்ட்ரூ மரேயும் ஜெர்மன் நகரங்களான லூபெக், ஹாம்பர்க் வணிகர்களுக்கு லத்தீனில் கடிதம் எழுதி, எங்கள் துறைமுகங்கள் மீண்டும் திறந்துவிட்டன, சரக்குடன் வாருங்கள் என்று அழைத்தார்கள். வணிகத்தை நினைத்துப் பார்த்த அந்த மனிதனுக்குத் திரையில் இடமில்லை. காட்டுத்தனமான வீரம் என்ற சித்திரமே வெளியார் தீட்டியது என்று எனக்குத் தோன்றும்: 1746இல் கில்ட் உள்ளிட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையைத் தடைசெய்த பிரித்தானிய அரசு, தன் படைப்பிரிவுகளில் இருந்த மலைநாட்டாருக்கு மட்டும் அதை அனுமதித்தது.

இதையெல்லாம் ஓட்டுநரிடம் சொன்னேன். தமது பள்ளியில் இங்கிலாந்து அரசர்களின் வரிசையைத்தான் மனப்பாடம் செய்தோம் என்றும், படம் வந்த பிறகே வாலஸின் பெயரைத் தம் வீட்டில் உரக்கப் பேசினார்கள் என்றும், ஸ்காட்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பு 1997இல் அதே செப்டம்பர் 11இல் நடந்தபோது அந்தப் பெயர் தம் மனத்தில் இருந்தது என்றும் அவர் சொன்னார். அந்தக் கோரிக்கை படத்துக்கு மிகவும் முந்தையது என்று நான் குறுக்கிட்டேன். "தெரியும், இதே கோரிக்கைக்காக 1979இல் நடந்த வாக்கெடுப்பிலும் நான் வாக்களித்தேன்" என்றார். அந்த முறை ஆம் என்றவர்களே அதிகம். ஆயினும் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதத்தை எட்டாததால் அது தோற்றது. படம் பொய் என்று அவருக்கு நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்தே அவர் அதை வைத்திருக்கிறார்; பிறந்த மண்ணைப் பற்றி அவர் வைத்திருப்பதை, பிழைக்க வந்த நான் திருத்துவது எந்த உரிமையில் என்று நினைத்தால் நாக்கு எழுவதில்லை. ஆனால் சாயம் பூசி வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் அல்லர். அவருக்கும் இதே சலுகை உண்டா?

இப்போதெல்லாம் சாயத்தைப் பற்றி யாராவது கேட்டால்தான் வாய் திறக்கிறேன். கடிதத்தைப் பற்றியோ கேட்காமலே சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டுநர் உடன் வரும் நாட்களில் அதையும் சுருக்கிக்கொள்கிறேன், மரியாதையாலா தயக்கத்தாலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.