ஜென்னிங்ஸ் நாய்: 21 செ.மீ. பிளாஸ்டர் வார்ப்பு

பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்திருக்கும் ஜென்னிங்ஸ் நாயின் உயரம் 105 செ.மீ. பழைய கிரேக்க வெண்கலச் சிலையைப் பார்த்து ரோமானியச் சிற்பிகள் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பளிங்கில் செதுக்கிய மொலோசியக் காவல் நாய் அது. ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 21 செ.மீ. வருகிறது. அந்த அளவில் முதலில் களிமண்ணில் உருவம் செய்து, அதிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, அச்சில் பிளாஸ்டரை ஊற்றவேண்டும்.

களிமண்ணை உள்ளிருந்து தாங்கும் உள்கூடு 3 மி.மீ. அலுமினியக் கம்பி, பிளைவுட் பலகையில் திருகியது. மார்புக்கும் வயிற்றுக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி வைத்துக் கட்டினால் களிமண் குறைவாகப் பிடிக்கும். முன்னங்கால்களுக்குக் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடவேண்டும். ஒற்றைக் கம்பி போட்டால், பிடரியில் களிமண் ஏற ஏற நாய் முன்பக்கம் சாய்ந்துவிடும்.

இந்தச் சிலைக்கு உயிரே பிடரி மயிர்தான். முதல் வார்ப்புக்கு மயிரை ஊசியால் கோடு கோடாகக் கீறியிருந்தது. களிமண்ணில் எடுப்பாகத் தெரிந்தது, வெள்ளைப் பிளாஸ்டரில் காணாமலே போனது. வெள்ளைப் பரப்பில் கண்ணுக்குப் பிடிபடுவது நிழல்தான். ரோமானியச் சிற்பிகள் சுருள்களுக்கு இடையே துரப்பணத்தால் ஆழமாகக் குடைந்ததும் அந்த நிழலுக்காகத்தான். இரண்டாவது முறை ஒவ்வொரு கற்றையையும் தனியாக உருட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, நடுவே 2 மி.மீ. ஆழம் விட்டதும் பிடரி எழுந்து நின்றது.

வாலை முழுமையாக்க வேண்டாம். மூலத்திலும் அது முறிந்தேதான் இருக்கிறது. பண்டைய ஏதென்ஸின் அரசியல்வாதி அல்கிபியாடீஸ் தன் நாயின் வாலை வெட்டினான் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதையால் 'அல்கிபியாடீஸின் நாய்' என்ற பெயரும் இதற்கு உண்டு. கத்தியால் வெட்டாமல் களிமண்ணைப் பிய்த்தெடுத்தால் முறிவு இயல்பாக வரும்.

அச்சுக்குச் சிலிக்கோன் வாங்கும்போது கவனம். களிமண்ணில் கந்தகம் இருந்தால் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் (பிளாட்டினம் வினையூக்கியால் உறைவது) உறையாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். தகர வகை உறைந்துவிடும். முதல் பூச்சைத் தூரிகையால் கற்றைகளுக்குள் தள்ளிவிட்டு, பிறகு ஊற்றலாம்.

எடையில் மூன்று பங்கு பிளாஸ்டருக்கு இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவவேண்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்கினால் குமிழி குறையும். அச்சைத் தலைகீழாக வைத்து ஊற்றுவதால் கீழ்த்தாடை மேல்பக்கமாக வந்து, அங்கே காற்று சிக்கி, மோவாய் பொத்தலாகிறது. பாதி ஊற்றியதும் அச்சை மூக்குப் பக்கம் உயரும்படி சாய்த்துத் தட்டினால் காற்று தாடைக்குள்ளேயே நிற்கும். எதிர்ப்பக்கம் சாய்த்தால்தான் கழுத்து வழியாக வெளியேறும்.

ஒரு வாரம் காய்ந்தபின், நீர்த்த பழுப்பு அக்ரிலிக்கைப் பூசி உடனே துடைத்தால் பள்ளங்களில் நிறம் அதிகமாகத் தங்கும். அதன்மேல் மெல்லிய தேன்மெழுகுப் பூச்சு போட்டால் சுண்ணாம்பு வெள்ளை தணிந்து பளிங்கின் சாயல் வரும்.