94 பாகையில் கொதித்த தண்ணீர்

தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்றது புத்தகம். நுவரெலியாவில் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்த பாத்திரத்திலோ, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வெப்பமானி 94ஐத் தாண்டவில்லை. "வெப்பமானி பழுது, சேர்" என்றேன். வகுப்பே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

"நாம் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறோம், பிள்ளை. இங்கே வளியமுக்கம் குறைவு. உன் அம்மாவின் பருப்பு வேகச் சுணங்குவதும் அதனால்தான்."

மாலையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கியபடியே, "அதற்கும் விறகு நான்தானே பொறுக்க வேண்டும்" என்றார். இரண்டுமே விஞ்ஞானம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய 1970களில், ஐந்து வகுப்புகள் இயங்கிய ஒரே கூடத்தில் இருந்து படித்தவர் எங்கள் ஆசிரியர். பிறகு அதிபரானார். கூட்டங்கள், படிவங்கள், கூரை ஒழுக்கு எல்லாம் வந்து சேர்ந்தன; ஆனாலும் சாதாரண தரப் பரீட்சை வகுப்பின் விஞ்ஞானப் பாடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பிடிவாதக்காரர். பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடி மழையிலும் லயத்துக்கு ஏறிப்போவார்.

ஓய்வுபெற்ற அன்று பொருட் பதிவேட்டை ஒப்படைத்தார். வெப்பமானிக்கு நேரே அவர் எழுதியிருந்தது: "நல்ல நிலையில்."