சார்ந்ததன் வண்ணம்: கருட பாவனையைப் பற்றி

புராண உயிர் ஒன்றோடு மனிதன் தன் உணர்வைக் கலக்க முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கருட பாவனைதான். பாம்பு கடித்தவனுக்கு மந்திரிக்கும் மாந்திரிகன், கருடனை எதிரே நிறுத்தி வேண்டிக்கொள்வதில்லை. தானே கருடனாக நின்று, கடிபட்டவனைக் கருடனின் கண்ணால் பார்க்கிறான்.

அக்கினி புராணம் இதற்குரிய தியான வடிவத்தைச் சாதகனின், அதாவது பயிற்சி செய்பவனின், உடல் மீதே வரைகிறது. பாதம் முதல் முழங்கால் வரை பொன்னிறம். அங்கிருந்து கொப்பூழ் வரை பனியின் வெண்மை. கழுத்து வரை குங்குமச் சிவப்பு. அதற்கு மேல் தலைமயிர் வரை கருமை. மூக்கின் நுனி நீலம், அணிகலன்கள் நாகங்கள். இந்த நிறங்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. பொன் நிலத்துக்கும், வெண்மை நீருக்கும், சிவப்பு நெருப்புக்கும், கருமை காற்றுக்கும் உரியவை. 'க்ஷிப ஓம் ஸ்வாஹா' என்னும் ஐந்தெழுத்தும் ஐம்பூதங்களுக்கே பகுக்கப்பட்டுள்ளது. ஆகவே சாதகன் எங்கோ உள்ள ஒரு பறவையைக் கற்பனை செய்யவில்லை. தன் உடல் எவற்றால் ஆனதோ அவற்றையே கருடனாக அடுக்கிக்கொள்கிறான்.

(பாம்புக்கடிக்கு இதை நம்பி எவரும் ஒரு நிமிடம்கூடக் கடத்தக் கூடாது. பாம்பு விஷத்தைச் செலுத்தாத கடிகளும் உண்டு என்பதால் மந்திரம் பலித்ததாகத் தோன்றலாம். விஷத்தை முறிப்பது மருத்துவமனையில் ஏற்றப்படும் மருந்துதான்.)

நான் அந்த மந்திரத்தை உபதேசமாகப் பெற்றவன் அல்லன். தியான வடிவத்தை மட்டும் சில மாதங்கள் விடியற்காலையில் பழகினேன். பொன்னிறம் எளிதில் வந்தது: கால்கள் கனத்துத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்தில்தான் நாள்தோறும் தடுக்கியது. சிவப்பு முடிந்து கருமை தொடங்கும் விளிம்பைத் தாண்டியவுடன், "இப்போது நான் கருடன்" என்று உள்ளே ஒரு குரல் எழும். எழுந்த மறுகணமே உருவம் கலைந்துவிடும். ஒரு நாள் அந்தக் குரல் எழவில்லை. நாலைந்து மூச்சுகள்தான் இருக்கும். தோள்பட்டைகளுக்கு இடையே தோல் இழுபட்டு விரிவதுபோல் இருந்தது. வெளியே யாரோ வாளியை இழுக்கும் ஓசை, என் காதருகே அன்றி, வெகு கீழே எங்கோ நடப்பதாகக் கேட்டது.

அந்த அனுபவத்துக்குப் பொருள் தேடியபோது எனக்குக் கைகொடுத்தது சைவ சித்தாந்தம். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியார் என்னும் தம் நூலின் ஒன்பதாம் சூத்திரத்தில், மலம் (உயிரைப் பிணிக்கும் அழுக்கு) நீங்குவதற்குக் கருட தியானத்தால் விடம் ஒழிவதை உவமையாக்கினார். 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் இதை விளக்கும்போது மூன்று கருடர்களைப் பிரித்துக் காட்டினார்: உலகில் நாம் காணும் பறவை ஆதிபௌதிக கருடன், அதற்கு அதிதெய்வமாகிய மந்திரம் ஆதிதைவிக கருடன், அம்மந்திரத்தை இடமாகக் கொண்டு நின்று பயன் தரும் சிவசத்தி ஆத்தியான்மிக கருடன். மாந்திரிகன் கலப்பது பறவையோடு அன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. செம்பருத்தியின் அருகில் வைத்த நிறமற்ற பளிங்கு சிவந்தாலும் பளிங்காகவே இருப்பதுபோல, பாவிப்பவன் கருடத்தன்மையை ஏற்றாலும் உயிராகவே இருக்கிறான். தனக்குள் ஒரு பறவையின் ஆன்மா குடியேறிவிட்டதாகச் சொல்பவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நிறத்தைப் பளிங்கென்று எண்ணிவிட்டார்கள் என்றே கருதுகிறேன்.

அதனால்தான் வெளியே வரும் வழி எனக்கு உள்ளே போகும் வழியைவிட முக்கியமாகப் படுகிறது. திபெத்திய பௌத்தத்தின் தேவதா யோகத்தில், தன்னையே தெய்வ உருவாக எழுப்புவது எவ்வளவு பயிற்சியோ, இறுதியில் அவ்வுருவைச் சூனியம் என்னும் வெறுமையில் கரைப்பதும் அவ்வளவு பயிற்சி. நானும் கருமையில் தொடங்கி, மேலிருந்து கீழாக நிறங்களை ஒவ்வொன்றாக விடுவேன். ஒரு நாள் அவசரத்தில் பொன்னிறத்தை விடாமல் எழுந்துவிட்டேன். அன்று நண்பகல் வரை, மாடிப்படி ஏறும்போதெல்லாம் கால்களை வேறு யாரோ தூக்கி வைப்பதுபோல் இருந்தது. அதன்பின், உள்ளங்காலில் தரையின் குளிர்ச்சி தெரியும் வரை நான் எழுவதில்லை.