குன்னூர் ஈரத்தில் தோல்பாவை

சமவெளியில், திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து நிழலாட்டம் காட்டும் தோல்பாவையை எலியிடமிருந்து காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஈரத்தோடுதான் மல்லுக்கட்டு. பதனிட்ட செருப்புத் தோல் அல்ல இது. ஆட்டுத்தோலின் மயிரை நீக்கி, வெளிச்சம் ஊடுருவும்வரை சுரண்டியது. இரண்டு நாள் மூடுபனி நின்றால் அப்பளம்போல் நமுத்துவிடும். நடுவில் மூங்கில் பிளாச்சு கவ்விய இடம் நிற்கும். தலையும் கையும் கவிழும். கவிழ்ந்த பகுதி திரையோடு ஒட்டாது. ராமனின் மார்பு தெளிவாகவும் வில் மங்கலாகவும் தெரிவது இதனால்தான்.

அவசரத்துக்கு அடுப்பருகே காட்டினால் தொலைந்தது. சூட்டில் சுருங்கி முறுக்கிய தோல் பழையபடி விரியாது. செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகை ஏற்றி, தாள் நமுக்க நமுக்க மாற்ற வேண்டும். பூஞ்சை பூத்தால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஈரத்துணி பட்டால் சாயம் கலங்கும்.

விளக்குக்குப் பழைய குண்டு பல்புதான் நல்லது. பல மணிகள் வைத்த எல்.இ.டி. பட்டையில், பாவை திரையை விட்டு நாலு விரற்கடை விலகினாலே அனுமனுக்கு மூன்று வால் முளைக்கும். குழந்தைகள் அதைத்தான் அதிகம் ரசிப்பார்கள், அது வேறு விஷயம்.

பள்ளி வகுப்புக்குத் தோல் தேவையில்லை. சார்ட் அட்டை இந்த ஊரில் தொய்யும் என்பதால் கழுவிய எக்ஸ்ரே பிலிமே மேல். தோள், முழங்கை மூட்டுகளில் இரு துண்டுகளையும் ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்றி வைத்து, துளையிட்டு, நூல் கோத்து இருபுறமும் முடிச்சுப் போட வேண்டும். எல்லாக் குழந்தைகளும் முதலில் முடிச்சை இறுக்கிவிடுவார்கள். கையைத் தூக்கி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: தானாகத் தொப்பென்று விழுந்தால் சரி, அந்தரத்தில் நின்றால் அவிழ்த்துக் கட்ட வேண்டும். கைக்குச்சியைப் பசைபோட்டு ஒட்டுவது அடுத்த தவறு. அதுவும் நூலில்தான் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டு திரும்பாது. விளக்கு, பாவையை ஆட்டுபவரின் தலைக்கு மேலே, திரைக்கும் அவருக்கும் நடுவே இருக்கட்டும். பின்னால் வைத்தால் ராவணனோடு ஆறாம் வகுப்புப் பையனின் தலையும் திரையில் வரும்.

எஸ்டேட் லைன்களில், அதாவது தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆட்டம் வேறு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் அங்கே நிறைய. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து தெரிந்த பெரியவர்களிடம் ஒரு பாத்திரத்தின் குரலை ஒப்படைத்தால், பேச்சு அந்த லைன்களின் பேச்சாகிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிப்பது உத்தமம். இருட்டினால் காட்டெருமையும் கரடியும் நடமாடும் வழி. தகரக் கூரையில் மழை கொட்டினால் வசனம் ஒன்றும் எடுபடாது. அப்போது சண்டைக் காட்சியை முன்னே இழுத்துவிட்டு, மிருதங்கக்காரரைக் கொஞ்சம் பலமாகத் தட்டச் சொல்வதுதான் வழக்கம்.