மீயொலிக் கத்தியும் ஜெலட்டின் கட்டியும்: மூன்றாவது மாடல்

ஜெலட்டின் கட்டியில் சாதாரண பிளேடை மெதுவாக அழுத்தினால் முதலில் மேற்பரப்பு குழிகிறது, பிறகு சட்டென்று பிளக்கிறது. உள்ளே இறங்கிய பிளேடை ஜெல் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ள, கட்டியும் கூடவே கீழே இழுபடுகிறது. மீயொலிக் கத்தியின் 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு, அதாவது நொடிக்கு 20,000 முறை ஆடுவது, இந்தக் கவ்வலை எப்படித் தளர்த்துகிறது என்று பைத்தான் நிரலில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிளேடு இறங்கும் திசையிலேயே அதிர்கிறது. வீச்சு (நடுவிலிருந்து ஒரு பக்கம் நகரும் தூரம்) 20 மைக்ரான், இறங்கும் வேகம் நொடிக்கு 10 மில்லிமீட்டர். வீச்சு சின்னதுதான், ஆனால் அதிர்வின் உச்ச வேகம் நொடிக்கு 2.5 மீட்டர், அதாவது இறங்கும் வேகத்தைப்போல 250 மடங்கு.

முதல் மாடலில் ஜெல்லை அசையாத சுவராக வைத்து வெறும் கூலும் உராய்வை (வேகம் எதுவானாலும் அளவு மாறாமல், வழுக்கும் திசைக்கு எதிராக இழுக்கும் உராய்வு) மட்டும் போட்டேன். 1 மைக்ரான் வீச்சிலேயே சராசரி உராய்வு 95 சதவீதம் குறைந்தது. நம்ப முடியவில்லை. இரண்டாவதில் 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டியை ஒரு ஸ்பிரிங்காக எடுத்தேன். ஷியர் மாடுலஸ், அதாவது பக்கவாட்டில் சரியவிடாமல் ஜெல் காட்டும் விறைப்பு, 10 கிலோபாஸ்கல். 20 மைக்ரான் அசைவுக்கு வெறும் 7 பாஸ்கல் தகைவுதான் (பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசை) வந்தது. வழுக்க 2000 பாஸ்கல் வேண்டும் என்று வைத்திருந்ததால், ஜெல் பிளேடோடு ஒட்டியே ஆடியது. அதிர்வால் பயனே இல்லை என்றது கணக்கு.

தவறு எங்கே என்று பிடிபட இரண்டு நாள் ஆனது. ஜெல்லுக்குள் ஷியர் அலை, அதாவது பக்கவாட்டு அசைவைக் கடத்தும் அலை, நொடிக்கு 3.2 மீட்டர்தான் போகும். ஒரு சுழற்சிக்கு 50 மைக்ரோநொடி. அதற்குள் அலை கடப்பது 0.16 மில்லிமீட்டர். பிளேடு திரும்பிவிட்ட சேதி கட்டியின் மறுமுனைக்குப் போய்ச்சேரவே நேரமில்லை! பிளேடை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் அசைகிறது, மிச்சமெல்லாம் தன் நிலைமத்தால் அப்படியே நிற்கிறது. அடர்த்தி, அலைவேகம், அதிர்வு வேகம் மூன்றையும் பெருக்கினால் தகைவு 7900 பாஸ்கல். அதே ஜெல்தான், ஆனால் ஸ்பிரிங் சொன்னதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் விறைப்பு. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மூன்றாவது மாடலில் இதைச் சேர்த்ததும், வீச்சைக் கூட்டக் கூட்ட உராய்வு படிப்படியாகக் குறைந்தது. 1 மைக்ரானில் 13 சதவீதம்தான் குறைவு. 5 மைக்ரானில் மிஞ்சியது 13 சதவீதம். 20 மைக்ரானில் மிஞ்சியது 1 சதவீதம்கூட இல்லை. கணக்கில் முதலில் ஒரு சுழற்சியின் நேரத்தை 20 படிகளாகப் பிரித்திருந்தேன். 5 மைக்ரானில் வழுக்கல் சுழற்சியின் ஆறில் ஒரு பங்கு நேரமே நடப்பதால் அதில் மூன்று படிகள்தான் விழுந்தன, எண்கள் தடுமாறின. 200 ஆக்கியதும் சீரானது.

பாகுநிலையை (ஜெல் தேன்போல ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) இன்னும் சேர்க்கவில்லை. மெதுவாக அழுத்தி அளந்த மாடுலஸைவிட 20 கிலோஹெர்ட்ஸில் ஜெல் விறைப்பாக இருக்கும், ஆகவே உராய்வு பெரும்பாலும் போய்விடும் 5 மைக்ரான் என்ற எண் நகரும். பிளேடின் நுனியில் நடப்பதையும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு சுழற்சியில் பிளேடு அரை மைக்ரான்தான் முன்னேறுகிறது. வெட்டிய இடம் மீண்டும் மூடிக்கொள்ளாது என்று எடுத்துக்கொண்டால், நுனி ஜெல்லைத் தொட்டிருப்பது சுழற்சியின் சுமார் 3.5 சதவீத நேரம் மட்டுமே. அடுத்து அந்தச் சிறு நேரத்தில் பிளவு எப்படி முன்னேறுகிறது என்பதைத்தான் எழுத வேண்டும்.