பிழைப் பட்டியல் காலியாக இருந்தது

ஃப்ரேம்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் நீளமான கையேடுகள் செய்வதுதான் பல வருடங்களாக என் வேலை. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு புக் கோப்பு. தனித்தனியாகத் திறந்தால் ஒவ்வொரு கோப்பும் சமர்த்தாக இருக்கும். பக்க எண்களையும் அத்தியாயங்களுக்கு இடையிலான சுட்டல்களையும் சரிசெய்ய புக்கை அப்டேட் செய்யும்போதுதான் குடும்பச் சண்டை வெளியே வரும்.

ஒருமுறை 24 அத்தியாயங்கள் கொண்ட கையேடு ஒன்றில் அப்டேட் பாதி போனதும் மென்பொருள் தானே மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து செய்தாலும் அதே கதை. ஃபான்ட்தான் காரணம் என்றார் ஒருவர், பிரின்டர் டிரைவர் என்றார் இன்னொருவர். எனக்குப் படங்கள் மேல் சந்தேகம். ஆளுக்கொரு ஊகத்தைத் துரத்தியதில் அரை நாள் போயிற்று. அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். முழு ஃபோல்டரையும் நகலெடுத்து, நகலில் இருந்த புக்கிலிருந்து பாதி அத்தியாயங்களை நீக்கிவிட்டு அப்டேட் கொடுத்தேன். ஓடியது. அப்படியானால் நீக்கிய பாதியில்தான் ஆள் இருக்கிறான். அந்த 12, பிறகு 6, பிறகு 3. கால் மணி நேரத்தில் 17ஆம் அத்தியாயம் மாட்டிக்கொண்டது.

அதை மிஃப் வடிவத்தில் சேமித்து, அந்த மிஃப்பைத் திறந்து, மறுபடி சாதாரணக் கோப்பாகச் சேமித்தேன். மிஃப் என்பது ஆவணத்தை வெறும் எழுத்தாக விவரிக்கும் வடிவம். முழுதும் எழுதி, முழுதும் படிப்பதில் உள்ளே ஒட்டியிருக்கும் குப்பை பல சமயம் உதிர்ந்துவிடும். இந்தத் தொழிலில் இதற்கு ‘மிஃப் வாஷ்’ என்றே பெயர். இன்டிசைன் என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்கள் இதையே ஐடிஎம்எல் என்ற வடிவத்தை வைத்துச் செய்கிறார்கள். 2008இல் அதன் சிஎஸ்4 பதிப்பு வருவதற்கு முன்பு அந்த இடத்தில் ஐஎன்எக்ஸ் வடிவம் இருந்தது. துவைத்தும் போகாத கறை உண்டு. அப்போது அந்த ஒரு கோப்புக்குள் பக்கங்களையும் இதேபோலப் பாதி பாதியாக வெட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

சரி, மென்பொருள் மூடிக்கொள்வதெல்லாம் நேர்மையான பிழை. முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. நான் பயப்படுவது வேறு வகைக்கு.

அதே கையேட்டின் அடுத்த பதிப்பு. அப்டேட் சுத்தமாக முடிந்தது, ‘லாக்’ என்னும் பிழைப் பட்டியல் காலி. அச்சுக்கு அனுப்புமுன் சும்மா நான்கைந்து கிராஸ் ரெஃபரன்ஸ்களை, அதாவது ‘இன்ன பக்கத்தில் இன்ன தலைப்பைப் பார்க்கவும்’ என்று சுட்டும் இணைப்புகளை, சொடுக்கிப் பார்த்தேன். ‘எண்ணெய் மாற்றுதல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வடிகட்டியைச் சுத்தம் செய்தல்’ என்று இருந்தது. பக்க எண்ணும் அதனுடையதே. மற்ற அத்தியாயங்களில் எண்ணெய் மாற்றச் சொன்ன இடமெல்லாம் வடிகட்டிக்குப் போய் நின்றது.

வடிகட்டித் தலைப்புக்குப் போய், மறைந்திருக்கும் சின்னங்களைக் காட்டச் சொன்னேன். தலைப்பின் தொடக்கத்தில் தடித்த ஆங்கில ‘டி’ (T) எழுத்து போல ஒரு மார்க்கர். அதற்குள் ஐந்து இலக்க எண், ஸ்டைலின் பெயர், அப்புறம் ‘எண்ணெய் மாற்றுதல்’! ஒரு தலைப்பைச் சுட்டினால் மென்பொருள் அங்கே இப்படி ஒரு மார்க்கரை நட்டுவைக்கும். பிறகு தேடுவது அந்த வாசகத்தைத்தான், தலைப்பை அல்ல. வடிகட்டிப் பகுதியைப் புதிதாகச் சேர்த்த நண்பர், ஸ்டைல் மாறாமல் இருக்கட்டும் என்று எண்ணெய்த் தலைப்பை நகலெடுத்து மேலே ஒட்டி, எழுத்துகளை மட்டும் மாற்றியிருக்கிறார். மார்க்கரும் கூடவே வந்துவிட்டது. ஒரே வாசகத்தில் இரண்டு மார்க்கர். மென்பொருள் முதலில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டது. தேடியது கிடைத்துவிட்டதால் அதற்குப் புகார் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு நேரெதிரானதும் நடக்கும். தலைப்பை முழுசாக அழித்துவிட்டுத் திருப்பி அடிப்பார்கள். மார்க்கரும் சேர்ந்து போய்விடும். புக் ஜன்னலை விட்டுவிட்டு ஃபோல்டரில் நேரடியாகக் கோப்பின் பெயரை மாற்றுவார்கள். சுட்டும் இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். ஆனால் இவை பிழைப் பட்டியலில் வரிசையாக வந்து நிற்பதால் எனக்குக் கோபம் வருவதில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நண்பரிடம் அந்த இரண்டு ‘டி’க்களையும் காட்டினேன். “லாக்கில் ஒன்றுமே வரவில்லையே” என்றார், கொஞ்சம் அடிபட்ட குரலில். தலைப்பை நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தை அவர் இன்னும் விடவில்லை. ஒட்டியதும் முதல் வேலையாகச் சின்னங்களைப் போட்டு, அந்த ‘டி’யைத் தேடி அழித்துவிடுகிறார். நான் லாக் காலியாக வரும் நாளில் கூடுதலாகப் பத்து இணைப்புகளைச் சொடுக்கிப் பார்க்கிறேன்.